பழைய லாரிகளைத் தேடி வரும் அன்பர்களுக்கு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்



பங்காரப்பேட்டையில் ரயில் மாறியோ, முல்பாகல் மார்க்கமாகவோ வி.கோட்டா மார்க்கமாகவோ மோட்டார் சைக்கிளில் வந்தோ, எங்கள் ஊர்ப் பட்டறைகளின் பின்புறத்திலும் காயலான் கடைகளின் வேலியோரத்திலும் சுற்றுவட்டாரத்துக் கல் குவாரிகளின் மூலைகளிலும், சீமைக் கருவேல முட்களை ஒதுக்கிக்கொண்டு, ஓட்டம் நின்றுபோன கனரக லாரிகளை நீங்கள் தேடித் திரிவதைச் சில வருஷங்களாகவே கவனித்து வருகிறேன். ஒரு பின் ஆக்சிலின் வார்ப்பு எழுத்தை வாசிப்பதற்காக, உடுப்பு அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் மண்ணில் மல்லாந்து படுத்து அரை நாளைச் செலவிடும் உங்கள் சிரத்தையைக் கண்டு இவ்வூரில் சிலர் வியக்கிறார்கள். எனக்கு வியப்பில்லை, மிகுந்த சந்தோஷமே உண்டு. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறையில் கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்டு ஜீவிதத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். நீங்கள் இன்று தேடும் வண்டிகளில் பலவற்றை அவை சரக்கேற்றி ஓடிய நாளிலேயே அறிந்தவன். அந்த உரிமையில் உங்களோடு மனம் விட்டுச் சில விஷயங்கள் பேசவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு பழைய லாரியின் முன் வந்து நின்றதும் நீங்கள் எழுப்பும் கேள்வி, இது எந்தக் கம்பெனியின் எந்த மாடல், எந்த வருஷத்தில் பிறந்தது என்பது. அந்தக் கேள்விக்கு விடை காண நீங்கள் படும் பிரயாசையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் விடை கிடைத்த மறுகணமே, காரியம் முடிந்ததென்று நோட்டை மூடிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறீர்களே, அங்கேதான் என் மனம் சமாதானம் அடைவதில்லை. நம் நாட்டில் ஒரு லாரி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது அதன் சரித்திரத்தில் முதல் வரி மட்டுமே. அதன்பின் முப்பது நாற்பது வருஷங்கள் எத்தனையோ கைகள் அதைப் பிரித்தும் கோத்தும், நீட்டியும் குறுக்கியும், வேறொரு ஜாதி வண்டியின் உறுப்பைக் கொண்டுவந்து பொருத்தியும் உழைக்க வைத்திருக்கின்றன. அந்தக் கைகளின் வேலையையும் சேர்த்து எழுதினாலொழிய அந்த வண்டியை அடையாளம் கண்டதாக ஆகாது என்பதே என் அபிப்பிராயம்; இந்த மடல் முழுவதும் இந்த ஒன்றையே வற்புறுத்தப் போகிறது.

முதலில் இந்த ஊரைப்பற்றி ஒரு வார்த்தை. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880 முதல் சுரங்கத் தொழிலை நிலைநாட்டினார்கள். 1894ல், அந்நாளில் பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் பாதை வந்தது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆகவே சுரங்கத்தின் ராட்சத யந்திரங்கள் ரயிலிலே வந்து இறங்கின. பூமிக்கு அடியிலிருந்து கல்லை மேலே கொண்டுவந்தது மின்சாரம். லாரிக்கு இங்கே வாய்த்த வேலை, மைசூர் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சன் துரையின் பெயரால் எழுந்த இந்தக் கடைவீதி நகரத்துக்கும், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து பிழைக்க வந்து குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் அரிசியும் விறகும் மூங்கிலும் சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்து வருவது. கம்பெனிக்குச் சொந்தமான சீரான வாகனங்கள் ஒரு சிலவும், தனி மனிதர்கள் நகையை அடகு வைத்து வாங்கிய இரண்டாம் கை, மூன்றாம் கை லாரிகள் பலவுமாக இங்கே ஓடின. இரண்டாம் கை வண்டிதான் பட்டறைக்கு அடிக்கடி வரும். பட்டறைக்கு அடிக்கடி வருவதே அதிகம் உருமாறும். உங்களுக்கு இந்த வட்டாரம் இவ்வளவு குழப்பமாகவும் இவ்வளவு ருசியாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

வண்டியின் முகத்தை நம்பாதீர்கள் என்று உங்களில் புதிதாக வருவோருக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. சீமையில் பல லாரிகளுக்குக் கம்பெனியே கேபின் கட்டி, வர்ணம் பூசி, முழுமையாக விற்றது. இங்கேயோ பெரும்பாலும் சேசிஸும் இன்ஜினும் பானட்டும் முன்பக்கத் தகரமும் மட்டும் வந்தன. டிரைவர், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, ஒரு பலகையின்மேல் உட்கார்ந்து, அதை அப்படியே சாலையில் ஓட்டிவந்து பாடி கட்டும் ஆசாரியிடம் நிறுத்துவார். மரச்சட்டம் அறுத்து, தகரம் அடித்து, ஜன்னல் வைத்து, மேலே சாமி பெயர் எழுதியதெல்லாம் அந்த ஆசாரியின் கைவேலை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் இந்தத் தொழில் எவ்வளவு தழைத்ததென்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே ஆசாரி ஒரே மாதிரியான கேபினை லேலண்டின்மேலும் கட்டியிருப்பார், பெட்போர்டின்மேலும் கட்டியிருப்பார். ஆகையால் கேபினின் நெற்றி வளைவை வைத்துக் கம்பெனியைச் சொல்வது ஆபத்து. ஆனால் அதே வளைவை வைத்து அதைக் கட்டிய பட்டறையைச் சொல்லிவிடலாம். அந்த விவரத்தை உங்கள் நோட்டில் இதுவரை நான் பார்த்ததில்லை. ஜன்னல் மூலை எப்படித் திரும்புகிறது, மரம் தேக்கா வேறா, ஆணியா திருகா, படிக்கட்டுத் தகட்டில் என்ன பூ வெட்டியிருக்கிறது என்பவற்றையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனியைக் காண வேண்டுமானால் குனிந்து கீழே பார்க்க வேண்டும். 1948ல் ரகுநந்தன் சரண் தோற்றுவித்த அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைக் கோத்துக்கொண்டிருந்து, லேலண்டாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1951ல் காமெட் லாரிகளைக் கோக்கத் தொடங்கியதும், 1955ல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றதும் சரித்திரம். காமெட்டின் இன்ஜினுக்கு 350 என்றும் பின்னர் 370, 400 என்றும் இட்ட எண்கள் வெறும் வரிசை எண்களல்ல. இன்ஜினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்பவை. 350 என்றால் சுமார் ஐந்தே முக்கால் லிட்டர். பீவர், ஹிப்போ முதலிய பெருவண்டிகளில் ஏறிய 680 என்பது பதினோரு லிட்டரை எட்டும். சேசிஸ் 350 காலத்துக் காமெட்டாக இருந்து, உள்ளே நிற்கும் இன்ஜின் 400 ஆக இருக்குமானால், அந்த வண்டிக்கு நடுவயதில் ஒரு பெரிய வைத்தியம் நடந்திருக்கிறதென்று அர்த்தம். அந்த வைத்தியம் எந்த வருஷம், எந்தப் பட்டறையில், என்ன காரணத்தால் என்று விசாரியுங்கள். மலைப்பாதையில் ஏற்றம் தாங்காமையா, பழைய இன்ஜினுக்கு உதிரி கிடைக்காமையா, விபத்தா. காரணம் தெரிந்தால் அந்த லாரி எந்த ரோட்டில் என்ன சுமந்தது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

டாடா வண்டிகளில் இன்னொரு மயக்கம் உண்டு. 1954ல் டெய்ம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் அவர்கள் லாரி செய்யத் தொடங்கினார்கள். கூட்டு முடிந்த 1969 வரை முன்முகத்தில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது, பின்பு டாடாவின் சொந்தச் சின்னம் வந்தது. இதைப் படித்துவிட்டு, நட்சத்திரம் இருந்தால் 1969க்கு முன், இல்லாவிட்டால் பின் என்று தீர்மானிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நட்சத்திரத்தின்மேல் இருந்த மோகத்தால் பிற்கால வண்டிக்கும் அதைத் தேடி வாங்கிப் பொருத்திய சொந்தக்காரர்கள் உண்டு. முற்கால வண்டியிலிருந்து அது களவு போனதும் உண்டு. சின்னம் ஒரு திருகில் கழன்றுவிடும். இன்ஜின் கட்டைமேல் வார்த்த எழுத்து அப்படிக் கழலாது.

யுத்தத்துக்குப்பின் ராணுவம் ஏலம் விட்ட வண்டிகளை, எங்கள் பக்கத்தில் டிஸ்போசல் லாரி என்ற பெயரால் அழைத்தவற்றை, நீங்கள் தனி அபிமானத்தோடு தேடுகிறீர்கள். அது நியாயமே. இரண்டாவது உலக யுத்தத்தில் கனடா மாத்திரம் 8 லட்சத்துக்கு மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் செய்தது. போர்டும் செவர்லேயும் ஒரே ராணுவ அமைப்பின்படி செய்த அந்தக் கனடா லாரிகளில் ஒரு வகைக்கு, முன் கண்ணாடி மேலே முன்னோக்கியும் கீழே உள்ளோக்கியும் சாய்ந்திருக்கும். ஆகாய விமானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குப் பளபளப்புத் தெரியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. யுத்தம் முடிந்ததும் இப்படிப்பட்டவை சந்தைக்கு வந்து, கண்ணாடிச் சாய்வு மாறி, கேபின் மாறி, முன் ஆக்சிலை இழுக்கும் தண்டு கழற்றப்பட்டு, மரம் இழுக்கவும் கல் தூக்கும் கிரேன் சுமக்கவும் போயின. அதே யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது லாரிகளும் பஸ்களும் கரி அடுப்பு மாட்டிக்கொண்டு ஓடின. சேசிஸ் ஓரத்தில் காரணமில்லாமல் நிற்பதுபோல் தோன்றும் தடித்த பிராக்கெட்டும் அதைச் சுற்றிய ரிவெட் துளைகளும், அங்கே கரி அடுப்பு தொங்கியதன் சாட்சியமாக இருக்கலாம். அவற்றை அளந்து படமெடுங்கள்.

இந்த வண்டிகளைப்பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் கனடா லாரிகளின் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கப்பட்டது. காற்று அடைத்திருக்கும்போது தவறான போல்ட்டைக் கழற்றினால், கழற்றுபவன் உயிருக்கே உலை. மற்றப் பழைய லாரிகளில் டயரைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கும் அப்படியே. துருவேறிய ரிங், காற்றேற்றும்போது குண்டுபோல் பறக்கும். வண்டியை நகர்த்திப் பார்க்கும் உற்சாகத்தில் பம்ப்பை எடுக்காதீர்கள். அந்த வேலையைத் தெரிந்த பஞ்சர் கடைக்காரர், கம்பிக் கூண்டுக்குள் வைத்துச் செய்யட்டும்.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் சிலர், உறுப்பு மாறிய லாரியைக் கண்டால், கலப்படம் என்று உதட்டைப் பிதுக்குகிறீர்கள். எங்கள் பட்டறையில் வெகுகாலம் பார்த்த ஒரு பார்கோ லாரியை உதாரணமாகச் சொல்கிறேன். வால்சந்த் ஹீராசந்த் 1944ல் நிறுவிய பிரீமியர் கம்பெனி, பம்பாய்க் குர்லாவில் கிரைஸ்லர் லாரிகளைக் கோத்து, ஏறக்குறைய ஒரே வண்டியை டாட்ஜ், டி சோட்டோ, பார்கோ என்று வெவ்வேறு பெயரில் வெவ்வேறு ஏஜெண்டுகள் மூலம் விற்றதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் பார்கோ பெட்ரோல் இன்ஜினோடு பிறந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாதபோது, சென்னைச் சிம்ப்சன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் பி-6 டீசல் இன்ஜின் அதில் ஏறியது. 1937ல் இங்கிலாந்தில் பிறந்த அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின், எத்தனையோ அமெரிக்க லாரிகளுக்கு நம் நாட்டில் மறுபிறவி கொடுத்தது. இன்ஜினின் நீளம் மாறியதால் ரேடியேட்டரை முன்னே தள்ளி, இன்ஜின் தாங்கிகளைப் புதிதாக வெட்டி, கியர் பாக்ஸோடு இணைக்க ஒரு வளையத்தை லேத்தில் கடைந்தார் எங்கள் மேஸ்திரி. பிறகு முன் ஆக்சில் முறிந்து டிஸ்போசல் ஆக்சில் வந்தது. கமான் பட்டைகள் அந்த ஆக்சிலுக்கேற்ப மாறின. கேபின் சங்ககிரியில் இரண்டாம் முறை கட்டப்பட்டது. கடைசியில் சரக்குப் பெட்டியை இறக்கிவிட்டு இரும்புத் தொட்டி ஏற்றி, வறட்சிக் காலங்களில் எங்கள் தெருக்களுக்கெல்லாம் குடிதண்ணீர் கொண்டுவந்தது. இதைப் பார்கோ என்று மட்டும் எழுதினால் பொய்யில்லை. ஆனால் மேஸ்திரி கடைந்த அந்த வளையத்தை எழுதாவிட்டால் இந்த ஊர் அந்த லாரிக்குச் செய்த அத்தனையும் மறைந்துபோகும். ஆகவே, பிறந்த கோலத்துக்குத் திருப்புகிறோம் என்று பி-6ஐ இறக்கி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் இன்ஜினைத் தருவித்துப் பொருத்தும் புனருத்தாரணத்தை நான் மனப்பூர்வமாக எதிர்க்கிறேன். சீமையிலும் அமெரிக்காவிலும் அதே மாடல், பிறந்த கோலத்தோடு பத்திரமாக நிற்கக்கூடும். ராபர்ட்சன்பேட்டையில் டீசலாகி, தண்ணீர் சுமந்த பார்கோ உலகத்தில் வேறெங்கும் இல்லை.

மாற்றங்களைக் கண்டுபிடிக்க எளிதான வழியொன்று உண்டு: மரைகளைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டியின் போல்ட்டுகள் விட்வொர்த், பி.எஸ்.எப். மரைகள், அமெரிக்க வண்டியுடையவை வேறு அங்குலக் கணக்கு, டாடா பென்ஸ் வண்டியோ மில்லிமீட்டர். அதனால்தான் பழைய மேஸ்திரியின் பெட்டியில் மூன்று செட் ஸ்பானர்கள் இருந்தன. ஒரு லேலண்டு சேசிஸில் மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும் இடமெல்லாம் பிற்காலத்துக் கை பட்ட இடமென்று கருதலாம். ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தால் சேசிஸ் நீட்டப்பட்டதா என்று சந்தேகியுங்கள். பல பிரிட்டிஷ், அமெரிக்க லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகள் இடமாகத் திருகினால்தான் இறுகும். இரு பக்கமும் ஒரே திசையில் இறுகினால் ஹப் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட, கிரீஸ் படிந்த கையுடைய ஒரு கிழவரோடு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் தெளிவாக விளங்கும்.

சேசிஸ் எண்ணைப் படமெடுப்பதோடு நில்லாமல், நம் வாகனப் புரோக்கர்கள் செய்வதுபோல் பென்சிலால் தேய்த்து, ஒட்டும் டேப்பில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் எடுத்த படத்தில் மறையும் எழுத்து பிரிண்ட்டில் எழும்பும். கம்பிப் பிரஷ்ஷும் உப்புத்தாளும் வேண்டாம். வர்ணத்தைச் சுரண்டினால், அடியிலிருக்கும் பழைய சொந்தக்காரர் பெயரும், பழைய ஊர்ப் பெயரும், பெர்மிட் விவரமும் சேர்ந்தே போய்விடும். பதிவெண் பலகையும் பேசும். பழைய சென்னை ராஜ்யத்து எழுத்துகளான எம்.எஸ்., எம்.டி. ஒரு வர்ணப் படலத்திலும், மைசூர் ராஜ்யத்து எம்.ஒய். அதன்மேல் மற்றொரு படலத்திலும் இருக்குமானால், அந்த வண்டி எல்லை தாண்டிவந்து குடியேறியது என்று அறியலாம். 1989க்குப் பின் வந்த கே.ஏ. 08 எங்கள் தங்கவயல் ஆபீஸின் எண். அது மட்டும் இருக்கும் பழைய வண்டிக்கு முன்பு வேறோர் எண் இருந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலான ஆதாரம் ஒன்று இருப்பதை யாரும் கேட்பதில்லை: பட்டறைகளின் பில் புத்தகம். எந்தத் தேதியில் எந்த நம்பர் வண்டிக்கு எந்த உதிரி மாற்றினோம், பழைய உதிரியை என்ன செய்தோம், கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டபோது அந்தப் புத்தகங்களை முதலாளியின் சம்மதத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மற்றப் பட்டறைகளில் அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. லாரியைத் தேடும் உற்சாகத்தில் பாதியை இவற்றின் பக்கம் திருப்புங்கள்.

பெமலைப்பற்றிச் சொல்லாமல் இந்த ஊரின் கனரக வாகனக் கதை பூர்த்தியாகாது. பெமல் என்று சுருக்கி அழைக்கப்படும் பாரத் எர்த் மூவர்ஸ் 1964ல் ஸ்தாபிக்கப்பட்டு, 1965 ஜனவரி முதல் தேதி வேலையைத் தொடங்கிற்று. தங்கச் சுரங்கத்தின் வேலை சுருங்கி வந்த காலத்தில் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆதரவாயிற்று. புல்டோசரை ஜப்பானின் கோமாட்சு உதவியோடும், டம்பரை அமெரிக்க வாப்கோ உதவியோடும் பெமல் செய்தது. ஹால்பாக் என்ற அந்த டம்பரின் மூல வடிவம் 1957ல் ரால்ப் கிரெஸ் என்பவரின் யோசனையில் உருவானது. அதில் கமான் பட்டையே கிடையாது; எண்ணெயும் வாயுவும் அடைத்த உருளைகள் பாரத்தைத் தாங்கும்; பெட்டியின் அடி, பாரம் கீழே இறங்கி நடுவில் தங்கும்படி சரிந்திருக்கும். ஆகவே குவாரியில் கேபினும் சக்கரமும் போய், வெறும் சட்டம் மட்டும் கிடந்தாலும் இதை அடையாளம் காணலாம். 1986ல் செக்கோஸ்லோவாகியாவின் ஆம்னிபோலுடன் உடன்படிக்கை செய்து பெமல் தயாரித்த டாட்ரா ராணுவ லாரியையும் அடிவயிற்றைப் பார்த்தே சொல்லலாம். இரண்டு நீண்ட சட்டங்கள் தாங்க வேண்டிய இடத்தில் நடுவே ஒரே இரும்புக் குழாய் முதுகெலும்பாக ஓடும். அரை ஆக்சில்கள் அதிலிருந்து இருபுறமும் தனித்தனியே ஏறி இறங்கும். இன்ஜினைக் குளிர்விப்பது காற்று. இந்தக் குழாய் அமைப்பை ஹான்ஸ் லெட்விங்கா 1923லேயே டாட்ரா காரில் புகுத்தியிருந்தார்.

குவாரி டம்பர்களை நான் பிரத்தியேகமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலைக்கும் அடைத்த வளாகத்துக்கும் உள்ளேயே உபயோகிப்பதற்கென்று அமைந்த விசேஷ வாகனத்தை, மோட்டார் வாகனச் சட்டம் தன் வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. அத்தகையவற்றுக்குப் பதிவெண் இல்லை, ஆர்.சி. புத்தகம் இல்லை, எப்.சி. இல்லை. அவை இருந்ததற்கு ஆதாரம், அவற்றைக் கோத்தவர்களும் ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களுமே. சாலை லாரியைத் தேடுவோர் பத்துப் பேர் இருந்தால், டம்பரைத் தேடுவோர் ஒருவர்கூட இல்லை. பெமல் நகரிலும் உரிகத்திலும் சாம்பியன் ரீப்பிலும் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். எந்த டம்பர் எந்தச் சுரங்கத்துக்குப் போயிற்று, எது திரும்பி வந்தது, எதில் என்ன குறை இருந்தது என்று அவர்கள் சொல்வார்கள்.

சட்டத்தைப்பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வாகனங்களைப் புராதன வாகனமாகப் பதிவு செய்ய விதி வகுத்து, வி.ஏ. என்ற தனிக் குறியீட்டையும் தந்தது. நல்ல காரியம். ஆனால் அந்த விதி இரு சக்கர வண்டிக்கும், டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மேற்படாத எம்-1 வகுப்புக் காருக்குமே பொருந்தும். சரக்கு லாரி அதில் சேரவில்லை. மகாராஜாவின் கார் புராதனமாகலாம், அந்த மகாராஜாவின் ராஜ்யத்துக்கே நெல் சுமந்த லாரி ஆகக்கூடாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய கார்களுக்கு டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964லேயே ஊர்வலம் நடத்தத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் சரக்கு வாகன அபிமானிகள் 1958ல் சங்கம் அமைத்து, 1962ல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளை ஓட்டிச் செல்லத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1971ல் லாரிகளுக்கென்றே சரித்திரச் சங்கம் தோன்றிற்று. நம்மிடமோ, 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருஷம் கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. நகராட்சிக் குப்பை லாரியும் தீயணைப்பு வண்டியும் ஆஸ்பத்திரி வேனும் வரிசையாக உடைப்புக்குப் போகின்றன. சரக்கு வாகனங்களுக்கும் அந்தப் புராதன விதியை விரிக்க வேண்டுமென்று நீங்கள் எல்லோரும் கூடி, ஆதாரங்களோடு விண்ணப்பம் எழுதுங்கள். நீங்கள் எடுத்த சேசிஸ் பிரிண்ட்டுகளும் வரலாற்றுக் குறிப்புகளும் அந்த விண்ணப்பத்துக்குப் பலம் சேர்க்கும்.

மனம் நொந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டர்சன்பேட்டைப் பக்கத்துக் காயலான் கடை ஒன்றில் நெடுங்காலம் நின்றிருந்த ஒரு பழைய காமெட்டின் பெயர்ச் சின்னமும் சேசிஸ் தகடும் ஒருநாள் காணாமற்போயின. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிப்போனதாகக் கடைக்காரர் சொன்னார். பெயரும் தகடும் இல்லாத வண்டியை அதன்பின் தேடி யாரும் வரவில்லை. அடுத்த மழைக்கு முன் அது வெட்டுண்டது. தகட்டை மேஜைமேல் வைத்து ரசிப்பவர் லாரிக்கு என்ன உபகாரம் செய்தார்? உங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: தகட்டையும் சின்னத்தையும் வண்டியிலிருந்து தனியே வாங்குவதில்லை, விற்பதில்லை, கழற்றுவதில்லை. முழு வண்டியையும் காப்பாற்ற முடியாதபோது, கடைக்காரரிடம் சொல்லி வெட்டும் நாளைத் தெரிந்துகொண்டு, வெட்டுவதற்கு முன் உள்ளும் புறமும் பதிவு செய்யுங்கள். அந்தச் சமயத்தில் கியர் பாக்ஸையும் ஆக்சிலையும் திறந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு வேறெப்போதும் கிடைக்காது.

தேடுவதற்கு ஏற்ற நாளைப்பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2001ல் சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர் ஜனங்களில் பலரும் மாரிகுப்பம் ரயிலில் விடிவதற்குள் பெங்களூருக்கு வேலைக்குப் புறப்பட்டு, இரவில் திரும்புகிறார்கள். பழைய மேஸ்திரிகளின் பிள்ளைகள், லேத் ஓட்டியவர்கள், வெல்டிங் செய்தவர்கள், கிளீனராக இருந்து டிரைவரானவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். நீங்கள் புதன்கிழமை வந்து பூட்டிய பட்டறையைப் படமெடுத்துக்கொண்டு போகிறீர்கள். ஆட்கள் இருப்பது ஞாயிற்றுக்கிழமையில். காலையில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் திரும்பியபின், கறிக்கடைக் கூட்டம் ஓய்ந்தபின், பதினோரு மணி வாக்கில் வந்தால் திண்ணையிலேயே பேசலாம். சுரங்கக் கம்பெனியின் வளாகங்களுக்குள் காவல் ஆபீஸில் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் நுழையாதீர்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின்மேல் ஏறாதீர்கள். பேசுகிறவரின் பெயரை எழுதலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை எழுதி, அடுத்த முறை வரும்போது படித்துக் காட்டுங்கள். படித்துக் கேட்கும்போதுதான் விட்டுப்போன விவரங்கள் அவர் ஞாபகத்துக்கு வரும்.

என் வீட்டுக்கும் வாருங்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் எந்தப் பழைய உதிரிக் கடையில் கேட்டாலும் பட்டறைக் கணக்கர் வீட்டுக்கு வழி சொல்வார்கள். இதுவரை இந்த வட்டாரத்தில் நீங்கள் எடுத்த சேசிஸ் எண்கள், இன்ஜின் எண்கள், பதிவெண்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கொண்டுவாருங்கள். பில் புத்தகங்களை மேஜைமேல் பிரித்து வைக்கிறேன். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒருநாளில் முடியாது, பல ஞாயிறுகள் ஆகும். மதியச் சாப்பாடு என் வீட்டிலேயே.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
பட்டறைக் கணக்கன்,
ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.